வலது உதரவிதானத்தில் 4.6 செ.மீ. கொழுப்பு: லிப்போமாவா, போக்டலெக் ஹெர்னியாவா?

மெடிசின்_இரண்டாமாண்டு

வணக்கம். 54 வயதுப் பெண். பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோபி தேதி குறித்தாயிற்று. அதற்கு முன் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் வலது உதரவிதானத்தின் மேல் வழவழப்பான ஒரு மேடு. பக்கவாட்டுப் படத்தில் அது பின்பக்கம் இருக்கிறது. இருமல், மூச்சுத்திணறல், தோள்பட்டை வலி எதுவும் இல்லை. பழைய விபத்தோ நெஞ்சில் அடியோ இல்லை.

கான்ட்ராஸ்ட் கொடுத்து சிடி எடுத்தோம். 4.6 × 3.8 × 3.1 செ.மீ., மைனஸ் 98 எச்.யு. (சிடியில் அடர்த்தியின் அலகு, கொழுப்பு மைனஸில் வரும்), கான்ட்ராஸ்ட் ஏறவில்லை. ரிப்போர்ட்டின் கடைசி வரி: "லிப்போமாவாக இருக்கலாம், போக்டலெக் ஹெர்னியாவாகவும் இருக்கலாம், கிளினிக்கலாகப் பொருத்திப் பார்க்கவும்." லிப்போமா என்றால் சாதுவான கொழுப்புக் கட்டி; போக்டலெக் ஹெர்னியா என்றால் உதரவிதானத்தின் பின்பக்க இடைவெளி வழியே மேலேறிய வயிற்றுக் கொழுப்பு. பொருத்திப் பார்க்க அந்த அம்மாவிடம் ஒரு தொந்தரவும் இல்லை என்பதுதான் சிக்கலே.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது? ஊசி வைத்து பயாப்ஸி எடுக்கலாமா? பித்தப்பைக்கு எப்படியும் வயிற்றுக்குள் கேமரா போகிறது, அதோடு சேர்த்து இதையும் எடுத்துவிடலாமா என்று குடும்பத்தார் கேட்கிறார்கள். லிப்போசார்கோமா (கொழுப்புத் திசுப் புற்றுநோய்) என்ற பேச்சும் வந்துவிட்டதால் பயந்துபோயிருக்கிறார்கள்.

---

படமேடை (கதிரியக்கப் பிரிவு)

கட்டியின் பெயரைத் தேடுவதற்கு முன்னால், அது கட்டிதானா என்று பாருங்கள். பின்பக்க உதரவிதானத்துக்கு மேலே கொழுப்பு தெரிந்தால் முதலில் ஹெர்னியாவைத்தான் நினைக்க வேண்டும். பெரியவர்களின் சிடியில் கொழுப்பு மட்டும் ஏறிய சின்ன போக்டலெக் இடைவெளிகள் ஆய்வுக்கு ஆய்வு 0.17 முதல் 12.7 சதவீதம் வரை சொல்லப்பட்டிருக்கின்றன. வயது கூடக்கூட அதிகம் தென்படும். உதரவிதானத்தில் தோன்றும் லிப்போமாவோ தனித்தனி நோயாளிகளாக எழுதப்படும் அளவுக்கு அரிது.

உங்கள் ரிப்போர்ட் அனேகமாக 5 மி.மீ. குறுக்குவெட்டுகளைப் பார்த்து எழுதியது. உதரவிதானம் குவிமாடம் மாதிரி வளைந்த தசை. குறுக்குவெட்டு அதைச் சாய்வாகத்தான் அறுக்கும், அதில் தசை இருப்பதும் இல்லாததும் ஒரே மாதிரி தெரியும். மறுபடி சிடி எடுக்கத் தேவையில்லை. மூலத்தரவு கன்சோலில் இன்னும் அழியாமல் இருந்தால் 1 மி.மீ. அல்லது 1.25 மி.மீ.க்கு மறுகட்டமைப்பு செய்து, சாஜிட்டலும் (பக்கவாட்டிலிருந்து பார்க்கும் வெட்டு) கரோனலும் (முன்னிருந்து பார்க்கும் வெட்டு) போடச் சொல்லுங்கள். மூலத்தரவைப் பல இடங்களில் சில நாட்களில் அழித்துவிடுவார்கள், எனவே இன்றே கேளுங்கள். பின்பக்கத்துக்கு சாஜிட்டல்தான் கைகொடுக்கும்.

அதில் கண்ணால் தசைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். விலா எலும்பருகே நல்ல தசை தெரியும் இடத்தில் தொடங்கி, கொழுப்பை நோக்கி ஒவ்வொரு வெட்டாக நகருங்கள். தசை சட்டென்று அறுந்து, அந்த இடைவெளி வழியே சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பு தடையில்லாமல் மேலே போனால் ஹெர்னியா. கழுத்து ஒடுங்கியிருப்பதும், மெல்லிய ரத்தக்குழாய்கள் கீழிருந்து இடைவெளியைத் தாண்டி மேலேறுவதும் அதற்குத் துணைச் சாட்சி. தசை அறுபடாமல் இரண்டு இதழாகப் பிரிந்து கொழுப்பை அணைத்துக்கொண்டு மறுபக்கம் மீண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் லிப்போமா. தசைக்கு மேல் அல்லது கீழ் ஒட்டி உட்கார்ந்து, அடிப்பக்கம் தசை முழுசாக ஓடினாலும் அதுவே.

ஒரு எச்சரிக்கை. வலது பக்கம் உதரவிதானம் ஈரலோடு ஒட்டிக் கிடக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி என்பதால் கோடு தனியாகத் தெரியாது. "தெரியவில்லை" என்பதை "இல்லை" என்று எழுதிவிடக் கூடாது. கோடு தெரிவதற்கு அதன் ஒரு பக்கமாவது கொழுப்போ நுரையீரலோ வேண்டும்.

இன்னொரு பொறி, டம்பெல் வடிவ லிப்போமா. உதரவிதானத்தின் இரு பக்கமும் பிதுங்கி நடுவில் இறுக்கிக் கட்டிய மாதிரி இருக்கும், அசல் ஹெர்னியாவின் கழுத்தைப் போலவே. அங்கே கீழ்ப்பாதியைப் பாருங்கள். அதற்கும் தனி உறை இருந்து, சுற்றியுள்ள வயிற்றுக் கொழுப்பை ஓரம் தள்ளினால் லிப்போமா. கீழ்ப்பாதிக்கு எல்லையே இல்லாமல் பெரிரீனல் (சிறுநீரகத்தைச் சுற்றிய) கொழுப்போடு கரைந்துபோனால் ஹெர்னியா.

மைனஸ் 98 என்ற ஒற்றை எண்ணை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். அளவிடும் வட்டத்தை ஓரத்தில் வைத்தால் நுரையீரல் காற்றும் கலந்து எண் பொய்யாகக் கீழே இறங்கும், ஈரல் பக்கம் வைத்தால் மேலே ஏறும். நடுவில் மூன்று இடங்களில் அளந்து, அதே படத்தில் முதுகுத் தோலடிக் கொழுப்பையும் அளந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒட்டி வந்தால் அது முதிர்ந்த கொழுப்பு. மைனஸ் 20, மைனஸ் 50 என்று வரும் திட்டு ஏதாவது இருந்தால் அங்கே வேறேதோ கலந்திருக்கிறது.

உள்ளே ஓடும் இழைகளையும் விடாதீர்கள். 2 மி.மீ.க்கும் தடித்த செப்டா (அந்த இழைகள்), 1 செ.மீ.க்கு மேற்பட்ட கொழுப்பில்லாத முடிச்சு, கான்ட்ராஸ்ட் ஏறும் பகுதி, மொத்தத்தில் கொழுப்பு முக்கால்வாசிக்கும் குறைவு, 10 செ.மீ.க்கு மேற்பட்ட அளவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் லிப்போசார்கோமாவின் வரிசையில் நிற்க வைத்துதான் பேச வேண்டும்.

சந்தேகம் தீராவிட்டால் எம்ஆர்ஐ. எடுக்க வேண்டிய பட வகைகள்: டி1, அதே டி1 கொழுப்பின் சிக்னலை அணைத்து, டி2, கடைசியில் காடோலினியம் (எம்ஆர்ஐ கான்ட்ராஸ்ட்) கொடுத்துக் கொழுப்பை அணைத்த டி1. மூச்சை வெளியே விட்டு அடக்கச் சொல்லுங்கள். உள்ளிழுத்து அடக்கினால் ஒவ்வொரு முறையும் உதரவிதானம் வேறு உயரத்தில் நிற்கும், வெட்டுகள் ஒன்றோடொன்று பொருந்தாது. முதுநிலை மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் அப்போஸ்டு ஃபேஸ் படம் (கொழுப்பின் சிக்னலும் நீரின் சிக்னலும் ஒன்றையொன்று கழிக்கும் படம்). அதில் சிக்னல் விழவில்லை, ஆகவே கொழுப்பு இல்லை என்று எழுதுவார்கள். முழுக்கக் கொழுப்பான கட்டியில் நடுவில் சிக்னல் விழாது, ஓரத்தில் மையால் வரைந்த மாதிரி ஒரு கருப்புக் கோடுதான் வரும். சிக்னல் விழுவது கொழுப்பும் நீரும் ஒரே வோக்ஸலில் (படத்தின் மிகச்சிறு கனக்கட்டம்) கலந்திருந்தால். இங்கே நம்ப வேண்டியது கொழுப்பை அணைத்த படத்தை.

அல்ட்ராசவுண்டை ஏளனம் செய்யாதீர்கள். வலது பக்கம் ஈரலே நல்ல ஜன்னல். 3.5 மெகாஹெர்ட்ஸ் வளைந்த ப்ரோப், விலாக்களுக்கு இடையில். மூக்கால் வேகமாக உறிஞ்சச் சொன்னால் உதரவிதானத்தோடு சேர்ந்து கட்டி இறங்குவது நேரடியாகத் தெரியும். கண்ணாடிப் பிம்பத்தில் மட்டும் ஏமாறக் கூடாது. ஈரலுக்குள் இருக்கும் ஹெமாஞ்சியோமா (ரத்தக்குழாய்க் கட்டி) உதரவிதானத்துக்கு மேலே இன்னொரு கட்டியாகப் பிரதிபலிக்கும்.

---

மெடிசின்_இரண்டாமாண்டு

மிக்க நன்றி மேடம். மூலத்தரவு இருக்கிறதாம், மறுகட்டமைப்புக்குச் சொல்லிவிட்டேன். இதற்கு முன் ஏதாவது படம் எடுத்தார்களா என்றும் விசாரிக்கிறேன். பயாப்ஸி பற்றி யாராவது சொல்லுங்கள். எங்கள் யூனிட்டில் "ஊசி வைத்துப் பார்த்துவிடலாமே" என்கிறார்கள்.

---

பதாலஜி_மேசை

எதைப் பார்க்க? ஒரே சீரான கொழுப்பில் ஊசி வைத்தால் எனக்கு வருவது முதிர்ந்த கொழுப்புச் செல்கள். ரிப்போர்ட்டில் "முதிர்ந்த கொழுப்புத் திசு" என்றுதான் எழுத முடியும். லிப்போமாவிலும் அதுதான், ஹெர்னியாவில் ஏறிய கொழுப்பிலும் அதுதான், ஊசி வழிதவறித் தோலடியில் நின்றிருந்தாலும் அதுதான். சாதாரணக் கொழுப்பை ஒத்த வகையான, நன்கு வேறுபட்ட லிப்போசார்கோமாவின் பெரும்பகுதியும் அப்படியே இருக்கும். அதன் அடையாளமான, கரு பெருத்துக் கறுத்த செல்கள் செப்டாக்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடக்கும். எஃப்என்ஏசி (மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சுவது) என்றால் இன்னும் மோசம், கண்ணாடித் தகட்டில் எண்ணெய் வழியும்.

பயாப்ஸிக்கு நியாயம் இருப்பது கொழுப்பில்லாத முடிச்சு இருந்தால். அப்போதும் ஊசி முனை அந்த முடிச்சுக்குள்தான் போக வேண்டும், பக்கத்துக் கொழுப்பில் அல்ல. கோஆக்ஸியல் முறையில் 18 கேஜ் கோர் ஊசியால் நாலைந்து துண்டு அனுப்புங்கள். எந்தப் பகுதியில் எடுத்தது என்று ஃபார்மில் எழுதுங்கள். பாதி ஃபார்ம்களில் "மாஸ், பயாப்ஸி" என்று மட்டும் இருக்கும், அதை வைத்து நான் என்ன சொல்ல? பின்பக்க வலது உதரவிதானத்துக்குப் போகும் வழியில் நுரையீரலின் கீழ் விளிம்பு இறங்கி நிற்கும் என்பதால் நியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது) அபாயமும் உண்டு.

மரபணுச் சோதனை: லிப்போமாவா நன்கு வேறுபட்ட லிப்போசார்கோமாவா என்பதைப் பிரிக்க எம்டிஎம்2 ஃபிஷ் (அந்த மரபணு எத்தனை நகல் இருக்கிறது என்று ஒளிரும் குறிகளால் பார்ப்பது). 12ஆம் குரோமோசோமில் 12க்யூ13-15 பகுதி பெருகியிருந்தால் லிப்போசார்கோமா பக்கம். எம்டிஎம்2, சிடிகே4, பி16 இம்யூனோ சாயங்கள் வடிகட்டத்தான், முடிவு சொல்ல ஃபிஷ். சாதாரணக் கொழுப்பு அழற்சியில் வரும் மேக்ரோஃபேஜ்களே எம்டிஎம்2 சாயம் ஏற்று ஏமாற்றும்.

அறுவைக்காரர்களுக்கு இரண்டு வேண்டுகோள். கொழுப்புக் கட்டிக்கு, அறுவை நடக்கும்போதே உறையவைத்துப் பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷன் கேட்காதீர்கள். கிரையோஸ்டாட்டின் மைனஸ் 20 டிகிரி வாக்கில் கொழுப்பு சரியாக உறையாது, கத்தியில் மசிந்து கிழியும். கிடைக்கும் விடையை நம்பி மேசையில் எந்த முடிவும் எடுக்க முடியாது. இரண்டாவது, முழுக் கட்டியை அப்படியே ஃபார்மலினில் அமுக்கி அனுப்பாதீர்கள். கொழுப்புக்குள் ஃபார்மலின் மெதுவாகத்தான் ஊறும், நடுப்பகுதி கெட்டுவிடும். திசை காட்டத் தையல் போட்டு, ஃபார்மலின் இல்லாமல் உடனே லேபுக்கு அனுப்பினால் ஓரங்களுக்கு மை பூசி நாங்களே 1 செ.மீ. கனத்துக்கு ரொட்டி வெட்டுவது போல் வெட்டிப் போட்டுக்கொள்வோம். அனுப்பத் தாமதமாகும் என்றால் கட்டியின் அளவைப் போல் பத்து மடங்காவது 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின் வேண்டும். இறுகலாகவோ சாம்பல் நிறமாகவோ தெரியும் இடத்தை முதலில் எடுத்துப் பார்ப்போம், டிடிஃபரென்ஷியேஷன் (கட்டி மூர்க்கமான வகையாக மாறுவது) ஒளிந்திருப்பது அங்கேதான்.

பெட் சிடி எடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். லிப்போமா எஃப்டிஜி (பெட் சிடிக்கு ஏற்றும் கதிரியக்கச் சர்க்கரை) எடுக்காது. நன்கு வேறுபட்ட லிப்போசார்கோமாவும் பெரிதாக எடுக்காது, ஆகவே அந்த இரண்டைப் பிரிக்க அது உதவாது. பழுப்புக் கொழுப்புக் கட்டியான ஹைபர்னோமா முற்றிலும் சாதுவானது, அதுவோ பளிச்சென்று எரியும். தேவையில்லாத பீதி.

---

நெஞ்சறை_அறுவை

பித்தப்பையோடு சேர்த்து எடுப்பது கேட்க நன்றாக இருக்கிறது. உடற்கூறு ஒத்துழைக்காது. வலது உதரவிதானத்தின் பின்பகுதி ஈரலின் பேர் ஏரியாவோடு, நடுவில் பெரிடோனியமே இல்லாமல் நேரடியாக ஒட்டியிருக்கும். தொப்புளில் போட்ட கேமரா ஈரலின் மேற்பரப்பு வரைதான் பார்க்கும். அதற்குப் பின்னால் போக வலது முக்கோண லிகமென்ட்டையும் கொரோனரி லிகமென்ட்டையும் அறுத்து, வலது ஈரலையே இடது பக்கம் புரட்ட வேண்டும். ஈரல் வெயினும் ஐவிசியும் (கீழ்ப் பெருஞ்சிரை) பக்கத்தில். ஒரு தொந்தரவும் கொடுக்காத கொழுப்புக்காக அந்த வேலை வேண்டாம்.

எடுக்க வேண்டிய நிலைகள் எவை? இருமல், தொடர் விக்கல், மூச்சுத்திணறல், மேல்வயிற்றிலோ தோள்பட்டையிலோ வலி என்று அறிகுறி இருந்து வேறு காரணம் கிடைக்காதபோது. தோள்பட்டை ஏன் என்றால் ஃப்ரெனிக் நரம்பு சி3, சி4, சி5இலிருந்து வருகிறது, அங்கே தோன்றும் எரிச்சல் தோளில் உணரப்படும். அடுத்து, படத்துக்குப் படம் நிச்சயமாக வளர்ந்தால். மேடம் சொன்ன சந்தேகக் குறிகளில் ஒன்று இருந்தால். படத்தால் எவ்வளவு முயன்றாலும் முடிவு சொல்ல முடியாதபோது. இவை எதுவும் இல்லாத, ஒரே சீரான, சின்ன லிப்போமாவைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதே என் கருத்து. எத்தனை செ.மீ.க்கு மேல் எடுப்பது என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட கோடு கிடையாது.

எடுப்பதென்றால் பின்பக்கத்துக்கு வாட்ஸ் (நெஞ்சுக்குள் கேமரா விட்டுச் செய்யும் அறுவை) முறைதான். பொதுவான வாட்ஸ் பழக்கத்தில் கேமரா போர்ட்டை ஏழாவது, எட்டாவது இடைவெளியில் போட்டால் இங்கே தப்பு. நுரையீரலைச் சுருக்கியதும் வலது குவிமாடம் மேலே எழும்பி வரும். ட்ரோக்கார் (போர்ட் போடும் கூர்க்கருவி) உதரவிதானத்தைத் துளைத்து ஈரலுக்குள் போக வாய்ப்புண்டு. போர்ட்டுகளை ஐந்து, ஆறாவது இடைவெளிக்கு ஏற்றுங்கள். கருவிக்கும் தசைக்கும் நடுவில் வேலை செய்யத் தூரம் கிடைக்கும். மேசையைத் தலைப்பக்கம் உயர்த்தினால் ஈரல் தன் எடையிலேயே இறங்கும். 6 முதல் 8 மி.மீ. மெர்க்குரி அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு விட்டால் குவிமாடம் தட்டையாகும். அதற்கு மேல் விட்டால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து பிரஷர் விழும்.

கட்டியின் மேலுள்ள ப்ளூராவை (நெஞ்சறையின் உள்ளுறை) திறந்து, உறையை ஒட்டிப் பிரித்துப் போக வேண்டும். இங்கே மானோபோலார் டயதெர்மி (மின்சாரத்தால் சுட்டு வெட்டும் கருவி) தலைவலி. ஒவ்வொரு தொடுதலுக்கும் தசை துள்ளும், துள்ளும்போது முனை வேறெங்காவது சுடும். அல்ட்ராசானிக் கத்தியோ பைபோலாரோ நல்லது. கட்டிக்கு ரத்தம் தருவது பெரும்பாலும் இன்ஃபீரியர் ஃப்ரெனிக் தமனியின் கிளைகள். க்ளிப் போடாமல் இழுத்து அறுந்தால், முனை தசைக்குள் சுருங்கி ஒளிந்து கசியும், தேடிப் பிடிப்பது கஷ்டம்.

நரம்பை மறக்கக் கூடாது. ஃப்ரெனிக் நரம்பு வலது பக்கம் ஐவிசிக்குச் சற்று வெளியே தசையைத் தொட்டதும் முன்பக்கம், முன்-பக்கவாட்டு, பின்-பக்கவாட்டு எனக் கிளை பிரிந்து தசைக்குள் ஓடுகிறது. ஓரத்திலிருந்து நடுத் தசைநாரை நோக்கி ஆரம் போல் வெட்டினால் கிளைகளைக் குறுக்காக அறுத்துவிடுவோம், மிச்சத் தசை செயலிழந்து மேலே ஏறி நிற்கும். தசையைத் திறந்தே ஆக வேண்டுமென்றால் விலா ஓரத்திலிருந்து 2-3 செ.மீ. தள்ளி, ஓரத்துக்கு இணையாக வளைவாக வெட்டுங்கள்.

சாதாரண லிப்போமா உறையோடு கழன்று வந்துவிடும், தசை பெரும்பாலும் மிஞ்சும். முழுக் கனத்துக்கும் ஓட்டை விழுந்தால், ஓரங்கள் இழுவை இல்லாமல் சேருமானால் நேரடித் தையல். கரையாத நூல், 0 அல்லது 1 எண் பாலிப்ரொப்பிலீன் அல்லது பின்னிய பாலியெஸ்டர், ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. உள்ளே கடித்து மேட்ரஸ் தையல், அதன் மேல் ஓடும் தையல் ஒரு வரிசை. கரையும் நூல் போட்டால் மூச்சுக்கு மூச்சு அசையும் தசையில் பிற்பாடு ஹெர்னியாவை நாமே உண்டாக்கியது போலாகும். சேராவிட்டால் 2 மி.மீ. கனமுள்ள பிடிஎஃப்இ ஷீட். வெறும் பாலிப்ரொப்பிலீன் வலை குடலைத் தொடும்படி வைக்கக் கூடாது, ஒட்டிக்கொண்டு அரிக்கும்.

கட்டியைப் பையில் போட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். போர்ட் சின்னதாக இருக்கிறது என்று உள்ளேயே துண்டாக்க வேண்டாம். பதாலஜியில் நாளை லிப்போசார்கோமா என்று வந்தால், துண்டாக்கிய நெஞ்சறையைத் திரும்பச் சுத்தம் செய்ய முடியாது. 24 அல்லது 28 ஃப்ரெஞ்சு (குழாய்ப் பருமனின் அலகு) வடிகுழாய் ஒன்று. காற்று வராமல், ஒரு நாளைக்கு 200 மி.லி.க்குக் கீழ் வந்ததும் எடுத்துவிடலாம்.

---

காற்று_குழாய் (மயக்க மருந்து)

பித்தப்பை கேஸுக்கு மட்டும் ஒரு குறிப்பு. அங்கே இருப்பது ஹெர்னியா என்றால் வயிற்றில் விடும் வாயு அந்த வழியாக நெஞ்சுக்குள் ஏறலாம். போக்டலெக்கில் பல நேரம் தடுக்கும் பை கூட இருப்பதில்லை. காற்றடித்த சில நிமிடங்களில் ஏர்வே பிரஷர் (மூச்சுக்குழாய் அழுத்தம்) ஏறி, ரத்த அழுத்தம் இறங்கி, வலது பக்கம் மூச்சுச் சத்தம் குறைந்தால் முதலில் வாயுவை நிறுத்தி வெளியேற்றச் சொல்லுங்கள். நோயாளி நிலைப்பட்ட பின் 8 மி.மீ. மெர்க்குரி அளவு அழுத்தத்தில் தொடரலாமா என்று பார்க்கலாம். நெஞ்சு வடிகுழாய் தட்டு அறையிலேயே திறக்கத் தயாராக இருக்கட்டும். அதனால்தான் லிப்போமாவா ஹெர்னியாவா என்ற விடை எங்களுக்கு அறுவைக்கு முந்தைய நாளே வேண்டும்.

வாட்ஸுக்கு இடது பக்க டபுள் லூமென் குழாய் (இரு நுரையீரலுக்கும் தனித்தனி வழியுள்ள மூச்சுக்குழாய்), பெண்களுக்கு வழக்கமாக 35 அல்லது 37 ஃப்ரெஞ்சு. இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்த பிறகு ஸ்கோப் போட்டு இடத்தை மறுபடி பார்க்க வேண்டும். புரட்டும்போது குழாய் நகர்ந்துவிடும்.

---

தொராசிக்_தெற்கு

நெஞ்சறை சாரோடு ஒரு இடத்தில் மட்டும் உடன்படவில்லை. ஒரே சீரான லிப்போமா என்று படம் சொன்னாலும், முழுசாக எடுத்துப் பார்த்தால்தான் திசு உறுதியாகும். உதரவிதானத்தில் லிப்போசார்கோமா எழுதப்பட்டிருக்கிறது. இன்று 4 செ.மீ.யில் வாட்ஸில் முடிவது, 12 செ.மீ. ஆனால் நெஞ்சையும் வயிற்றையும் சேர்த்துத் திறக்க வேண்டி வரும். 40 வயதுக்குக் கீழ், வருஷாவருஷம் ஸ்கேனுக்கு வருவது நிச்சயமில்லாதவர் என்றால் எடுத்துவிடுவேன்.

---

நெஞ்சறை_அறுவை

திரும்ப வரமாட்டார் என்ற காரணம் நியாயமானது, அதை ஒப்புக்கொள்கிறேன். திசு உறுதியாகாது என்பதை முழுக்க ஏற்க முடியாது. சிடியிலும் எம்ஆர்ஐயிலும் தோலடிக் கொழுப்பைப் போலவே இருந்து, செப்டா மெல்லியதாக, கான்ட்ராஸ்ட் ஏறாமல் இருக்கும் சின்னக் கட்டி லிப்போசார்கோமாவாக வெளிவருவது அரிதிலும் அரிது. தலைகீழாகத்தான் தவறு நடக்கும்: லிப்போமாவிலேயே அடிபட்டுக் கொழுப்பு செத்துத் தடித்து, லிப்போசார்கோமா மாதிரி பயமுறுத்தும். ஃப்ரெனிக் கிளை போனால் வாழ்நாள் முழுக்கப் பாதி உதரவிதானம் போகிறது. அறிகுறியே இல்லாதவருக்கு அந்த விலை அதிகம் என்பது என் கணக்கு.

---

ஆன்கோ_வார்டு

லிப்போசார்கோமா என்று உறுதியானால் என்ன என்பதையும் சுருக்கமாகப் போட்டுவிடுகிறேன். முதல் சிகிச்சை அறுவைதான், சுற்றிலும் நல்ல திசுவோடு, ஓரம் சுத்தமாக வரும்படி. உதரவிதானத்தின் முழுக் கனமும், ஒட்டியிருந்தால் நுரையீரல் ஓரமோ ஈரல் துண்டோ சேர்ந்து வரலாம். உறையை ஒட்டிக் கழற்றும் முறை இங்கே கூடாது. ஆகவே சந்தேகம் இருக்கும் கட்டியை முதல் அறுவைக்கு முன்பே சார்கோமா குழுவிடம் காட்டுங்கள். பாதி எடுத்த பிறகு அனுப்பினால் எங்கள் கை கட்டப்பட்டிருக்கும்.

நன்கு வேறுபட்ட வகை வேறிடம் பரவாது, அதே இடத்தில்தான் திரும்பும், பத்து வருஷம் கழித்துக்கூட. டிடிஃபரென்ஷியேட்டட் ஆனபின் பரவும். கீமோ என்றால் முதல் வரிசை டாக்ஸோரூபிசின், உடல் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 75 மி.கி., மூன்று வாரத்துக்கு ஒருமுறை. எக்கோ பார்த்துத்தான் தொடங்க வேண்டும், வாழ்நாள் மொத்த அளவு ஒரு சதுர மீட்டருக்கு 450 மி.கி.யை நெருங்கும்போது கையை இழுத்துக்கொள்ள வேண்டும். அதன் பின் எரிபுலின் ஒரு சதுர மீட்டருக்கு 1.4 மி.கி., 21 நாள் சுற்றில் முதல் நாளும் எட்டாம் நாளும். அமெரிக்க எஃப்டிஏ 2016 ஜனவரியில் லிப்போசார்கோமாவுக்கு அதை ஏற்றது. அதற்கான சோதனையில் லிப்போசார்கோமா நோயாளிகளின் இடைநிலை (மீடியன்) ஆயுள், ஒப்பிட்ட மருந்தான டகார்பசினில் 8.4 மாதம், எரிபுலினில் 15.6 மாதம். ட்ராபெக்டிடினை எஃப்டிஏ 2015இல் ஏற்றது, மிக்ஸாய்டு வகையில் அது நன்றாக வேலை செய்யும். நன்கு வேறுபட்ட வகைக்குக் கீமோவால் பெரிய பலன் கிடையாது. இந்த எண்களை இந்த அம்மாவின் குடும்பத்திடம் இப்போது சொல்லத் தேவையில்லை.

---

மெடிசின்_இரண்டாமாண்டு

மறுகட்டமைப்பு வந்துவிட்டது. சாஜிட்டலில் தசை இரண்டாகப் பிரிந்து கொழுப்பைச் சுற்றிப் போய் மறுபடி சேர்கிறது. இடைவெளி இல்லை, கீழிருந்து ரத்தக்குழாய் எதுவும் ஏறவில்லை, கீழே பெரிரீனல் கொழுப்போடு சேராமல் மெல்லிய கோடு பிரிக்கிறது. மூன்று இடத்தில் மைனஸ் 104, 101, 97. முதுகுத் தோலடியில் மைனஸ் 103. உள்ளே ஒரே ஒரு செப்டம், 1 மி.மீ.

2019இல் சிறுநீரகக் கல்லுக்கு எடுத்த பிளெயின் சிடியும் கிடைத்தது. அதில் இதே கட்டி, 4.3 செ.மீ. அப்போதைய ரிப்போர்ட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 3 மி.மீ. கூடியிருப்பதை வளர்ச்சி என்று எடுத்துக்கொள்வதா?

---

படமேடை

கல்லுக்கு எடுத்த சிடியில் கண் கல்லைத்தான் தேடும், மேல் ஓரத்து வெட்டுகள் தப்பிப்போகும். அவர்களைக் குறை சொல்ல மனமில்லை.

விட்டத்தை மட்டும் ஒப்பிட வேண்டாம். 4.3இலிருந்து 4.6 என்பது கன அளவில் சுமார் 22 சதவீதம், கேட்கப் பெரிதாகத் தெரியும். ஆனால் பழையது 5 மி.மீ. வெட்டு, புதியது 1 மி.மீ. மூச்சு அடக்கிய அளவும் வேறு. தசைக்குள் மெத்தென்று இருக்கும் கட்டி மூச்சுக்கு ஏற்பத் தட்டையாகும், நீளும். இரண்டையும் ஒரே தளத்தில், புதியதையும் 5 மி.மீ.க்கு மாற்றி, ஒரே ஆளே அளக்கட்டும். அப்படி அளந்து 2-3 மி.மீ. வந்தால் அது அளவீட்டுப் பிழைக்குள் அடங்கும். இத்தனை வருஷத்தில் உள்ளமைப்பு மாறவில்லை என்பதுதான் அந்தப் பழைய படம் தரும் பெரிய தகவல்.

லிப்போமா என்று எழுதலாம். எம்ஆர்ஐ இப்போது கட்டாயமில்லை.

---

நெஞ்சறை_அறுவை

பித்தப்பையைத் திட்டமிட்டபடி எடுக்கலாம், இதைத் தொட வேண்டாம். ஒரு வருஷத்தில் கான்ட்ராஸ்ட் இல்லாத குறைந்த கதிர்வீச்சு சிடி அல்லது எம்ஆர்ஐ, அது மாறாமல் இருந்தால் இன்னும் இரண்டு வருஷம் கழித்து ஒருமுறை. புதிதாக இருமலோ தோள் வலியோ வந்தால் அதற்கு முன்பே வரச் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இதைத் தனி வரியாக எழுதுங்கள்: "வலது பின்பக்க உதரவிதானத்தில் லிப்போமா, 4.6 செ.மீ., 2019 சிடியிலும் இருந்தது, ஹெர்னியா அல்ல, பயாப்ஸி தேவையில்லை." சாஜிட்டல் படம் ஒன்றைப் பிரிண்ட் எடுத்து அந்த அம்மாவின் ஃபைலில் வைத்துவிடுங்கள். அடுத்த காய்ச்சலுக்கு வேறெங்காவது நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தால், அந்த மேட்டைப் பார்த்து நிமோனியா என்றோ நீர்க்கோவை என்றோ நினைத்து ஊசி குத்தாமல் இருப்பார்கள்.

---

மெடிசின்_இரண்டாமாண்டு

எழுதிவிட்டேன் சார். மயக்க மருந்து மேடத்துக்கும் "ஹெர்னியா இல்லை" என்று தகவல் போய்விட்டது. பித்தப்பை வியாழக்கிழமை.